ஆளியல்லாத ஆளி: நியூசிலாந்தின் ஹரக்கெக்கேச் செடியும் அதனை வளர்க்கும் முறையும்

ஆளிவிதை என நம் மருந்துக் கடைகளில் விற்கப்படும் சிறு விதையைத் தருஞ் செடியை நம்மிற் பலர் நேரிற் கண்டிலர். நீலப் பூப் பூத்து, ஏறக்குறைய இடுப்பளவு உயர்ந்து, ஓராண்டிலே வாழ்ந்து முடியும் மெல்லிய செடி அது. அதன் தண்டினை நீரில் ஊறவைத்து எடுக்கும் நாரினாலேயே லினன் என்னும் துகில் நெய்யப்படுகின்றது. 1769ஆம் ஆண்டிலே கப்டன் குக்கின் கப்பல் நியூசிலாந்தை அடைந்தபோது அதிற் சென்ற யோசப் பாங்ஸ், சொலாண்டர் ஆகிய தாவரவியலார் இருவரும், அத்தீவுகளின் பழங்குடியினராகிய மாவோரியர் அணிந்திருந்த ஆடைகளையும் அவர்தம் வலைகளையும் கயிறுகளையும் கண்டு வியந்தனர். அவை யாவும் ஒரே செடியின் நாரினாற் செய்யப்பட்டவை. அந்நார் தம் நாட்டு ஆளிநாரை ஒத்திருந்தமையால், ஐரோப்பியர் செடிக்கும் 'நியூசிலாந்து ஆளி' என்றே பெயர் சூட்டிவிட்டனர். அப்பெயர் இன்றுவரை நிலைத்துவிட்டது.

பெயரளவிலன்றி வேறெவ்வகையிலும் இவ்விரண்டுக்கும் உறவில்லை. ஆளி இருவித்திலைத் தாவரம். அதன் நார் தண்டிலிருந்து வருவது. நியூசிலாந்துச் செடி ஒருவித்திலைத் தாவரம். அதன் நார் இலையினுள்ளே நெடுக ஓடுவது. இலைநார் தருவதனால் ஆளியைக் காட்டிலும் நம் நாட்டு மருளுக்கும் கற்றாளைக்குமே அது தொழில்வகையில் அணித்தாயது. மாவோரியர் அதனை ஹரக்கெக்கே என அழைப்பர். பாஸ்டர் என்னும் செருமானியத் தாவரவியலாரும் அவர்தம் மைந்தரும் குக்கின் இரண்டாம் பயணத்திற் சென்று வந்தபின் அதற்குப் போர்மியம் தெனாக்ஸ் எனப் பெயரிட்டனர். முன்னது கூடை எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்தது. பின்னது இலத்தீனில் உறுதியைக் குறிப்பது. பயனும் பண்பும் ஒருங்கே புலப்படுதலின் இப்பெயர் பொருத்தமுடையதே. இக்கட்டுரையிலும் மாவோரிப் பெயரையே வழங்குவோம்.

ஹரக்கெக்கேயின் அமைப்பை நம்மவர்க்கு விளக்குதல் எளிது. வாழைத் தோட்டத்தை அறிந்தவர் அதனையும் பாதி அறிந்தவராவர். நிலத்தினுள்ளே தடித்த கிழங்குத் தண்டு ஒன்று படர்கின்றது. அதிலிருந்து வாளையொத்த இலைகள் இருபுறமும் மாறிமாறி எழுந்து, அடியிலே ஒன்றையொன்று கவ்வி, விசிறி விரித்தாற்போல் நிற்கின்றன. இத்தகைய விசிறிகள் பல சேர்ந்ததே ஒரு புதர். ஒவ்வொரு விசிறியும் தன் வாழ்நாளில் ஒருமுறையே பூக்கும். பூத்தபின் அது மெல்ல மடியும். அதற்குமுன் பக்கங்களிலே புதிய விசிறிகள் கிளைத்துவிடும். வாழை குலைதள்ளி மடியக் கன்றுகள் அவ்விடத்தை நிரப்புவது போன்றதே இதுவும். குடும்பம் தழைப்பதை நாம் 'வாழையடி வாழை' என்கிறோம். மாவோரியரும் ஹரக்கெக்கேத் தோப்பினைக் குறிக்கும் 'பா ஹரக்கெக்கே' என்னுந் தொடரைக் குடும்பத்துக்கு உவமையாக ஆள்வர். ஒன்றையொன்று அறியாத இரு மக்கட் கூட்டத்தார் ஒரே வகையான வளர்ச்சியைக் கண்டு ஒரே உவமையை அடைந்தமை இன்பம் பயப்பதாகும்.

இவ்வினத்தில் இருவகைச் செடிகளே உள. ஹரக்கெக்கே பெரியது. அதன் இலை 3 மீற்றர் வரை நீளும்; பூந்தண்டு அதனையும் மீறி 4 மீற்றருக்கு மேலும் உயரும். பூ மங்கிய செந்நிறமானது. காய்கள் வானோக்கி நிமிர்ந்து நிற்கும். சதுப்பு நிலமும் ஆற்றங்கரையும் அதற்குரிய இடங்கள். நியூசிலாந்துக்கு அப்பால் நோர்போக் தீவிலும் அது இயல்பாக வளர்வது. மற்றையது ஃபரரிக்கி, மலை ஆளி எனவும் கூறுவர். அதன் இலை குட்டையானது, மென்மையானது, நுனி வளைந்து தொங்குவது. பூ மஞ்சள் கலந்த பசுமையுடையது. காய் முறுக்குண்டு கீழ்நோக்கித் தொங்கும். அது மலைச் சரிவிலும் கடற்பாறைகளிலும் காற்றுக்கு அஞ்சாது நிற்கும். காயைப் பார்த்தே இரண்டையும் எளிதில் வேறுபடுத்தலாம். எனினும் இரண்டும் அருகருகே வளருமிடத்து எளிதிற் கலந்துவிடும் இயல்பின என்பதை நினைவிற் கொள்ளவேண்டும்.

நியூசிலாந்திற் கோடைகாலம் நம் மார்கழி தையை ஒட்டி வருவது. நவம்பர் தொடங்கிப் பூக்கும் இச்செடியின் தேனை நாடித் தூயீ என்னும் கரிய பறவையும் வேறு தேனுண் பறவைகளும் வந்து மொய்க்கும். பூவினுள் அலகை நுழைக்கும் பறவையின் நெற்றியிலே செம்மஞ்சள் நிற மகரந்தம் பூசப்படுகின்றது. அதுவே அடுத்த பூவுக்குச் செல்கின்றது. பல்லிவகைகளும் இத்தேனை உண்பன. மாவோரியரும் இத்தேனை இனிப்புக்காகத் திரட்டினர். உலர்ந்த பூந்தண்டு பாரமற்றதாதலின் அதனைக் கட்டி மிதவை செய்தனர். இலையடியில் ஊறும் பசையை மருந்தாகப் புண்ணுக்கு இட்டனர்.

மாவோரியரின் முன்னோர் ஏறக்குறைய 13ஆம் நூற்றாண்டிலே வெப்பமான பொலினீசியத் தீவுகளிலிருந்து வந்தவர்கள். அங்கே அவர்கள் உடுத்தது ஒருவகை முசுக்கட்டை மரத்தின் பட்டையைத் தட்டிச் செய்த மரவுரி. அம்மரத்தைத் தம்முடன் கொணர்ந்து நட்டனர். ஆயின் குளிர்நாட்டில் அது செழிக்கவில்லை. செழித்தாலும் அக்குளிருக்கு அம்மெல்லிய உரி போதாது. அந்நிலையிலே அவர்களுக்குக் கைகொடுத்தது சதுப்பெங்கும் மண்டிநின்ற ஹரக்கெக்கே. தறியின்றி விரல்களாலேயே இழைகளைப் பிணைத்துப் போர்வை செய்யுங் கலை அவர்களிடம் வளர்ந்தது. கூடை, பாய், பாதரட்சை, வலை, படகின் கயிறு, வீட்டின் கட்டு ஆகிய யாவும் இச்செடியே. யாழ்ப்பாணத்தார்க்குப் பனை எத்தன்மையதோ அத்தன்மையது அவர்க்கு ஹரக்கெக்கே என்றால் மிகையாகாது.

வெட்டும் முறையிலே பனைக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. நாம் ஓலையைக் குருத்தோலை, சார்வோலை, காவோலை எனப் பருவம் பிரித்து, பெட்டி இழைக்க இளமையான சார்வோலையை நாடுவோம். மாவோரியரும் பருவம் பிரிப்பர். ஆயின் உறவுப் பெயரால் பிரிப்பர். விசிறியின் நடுவே எழும் இளங்குருத்து 'ரித்தோ', அது குழந்தை. அதனை இருபுறமும் அணைத்து நிற்கும் இரு இலைகள் பெற்றோர். அவற்றுக்கும் புறத்தேயுள்ளவை பாட்டன் பாட்டியர். புறத்து இலைகளையே வெட்டலாம். பிள்ளையையும் பெற்றோரையும் தீண்டலாகாது. வெட்டும்போது நடுவிலிருந்து புறநோக்கிச் சரிவாக வெட்டவேண்டும். மழையிலும் இரவிலும் வெட்டலாகாது. பூந்தண்டு எழும் விசிறியிலும் வெட்டலாகாது. ரித்தோவைப் பிடுங்கிவிட்டால் தேனுண் பறவை எங்கிருந்து பாடும் என வினவும் பழமொழியொன்று அவர்களிடம் மிகப் பெயர்பெற்றது.

இவற்றை வெறுஞ் சடங்கு எனத் தள்ளுதல் தவறாகும். விசிறியின் வளர்நுனி ரித்தோவின் அடியில் உள்ளது. அதனை இழந்தால் அவ்விசிறி மேலும் இலைவிடாது. அணைத்துநிற்கும் இரு இலைகளும் அந்நுனியைக் காற்றிலிருந்தும் குளிரிலிருந்தும் காப்பன. சரிவாக வெட்டிய வாயில் மழைநீர் தேங்காது புறத்தே வடிந்துவிடும். அதனால் அடி அழுகாது. ஈரத்தில் வெட்டிய புண்ணில் நோய் எளிதிற் பற்றும். பனைக்கு ஓலை வெட்டினாலும் வட்டுச் சிதையாதவரை மரம் பிழைக்கும். ஹரக்கெக்கேயின் வளர்நுனியோ கத்தி எட்டும் உயரத்தில் உள்ளது. ஆகவே அதற்குக் காவலாக உறவுமுறையையே அமைத்தனர் போலும்.

இலையிலிருந்து நார் எடுக்கும் முறை நுட்பமானது. இலையின் ஒரு புறத்தே மட்டும் குறுக்கே மேலாகக் கீறி, மட்டிச் சிப்பியின் விளிம்பினால் இழுத்துச் சுரண்டப் பச்சைச் சதை கழன்று பட்டுப்போன்ற வெண்ணார் வெளிப்படும். அதுவே 'முக்கா'. அதனைக் காலின்மேல் வைத்து உருட்டித் திரித்து, கழுவி, கல்லினால் அடித்து மென்மையாக்குவர். இரும்புச்சத்துள்ள சேற்றிலே தோய்த்துக் கருநிறம் ஊட்டுவதும் உண்டு. அதற்குமுன் மரப்பட்டைச் சாற்றிலே ஊறவைப்பர். பட்டையின் துவர்ப்பும் சேற்றின் இரும்பும் கூடியே கருமை பிறக்கின்றது. இவ்வேலைகளைப் பெரும்பாலும் செய்தவர் பெண்டிர்.

இதனை அறியாமையால் ஆங்கிலேய ஆட்சியாளர் ஒருமுறை நகைப்புக்கிடமாயினர். 1788ஆம் ஆண்டிலே நோர்போக் தீவிற் குடியேற்றம் அமைத்தபோது, அங்கு வளர்ந்த ஹரக்கெக்கேயிலிருந்து கடற்படைக்கு வேண்டிய பாய்த்துணியும் கயிறும் செய்விக்கலாம் என எண்ணினர். சிறைக்கைதிகள் பலவாறு முயன்றும் நார் சரிவரவில்லை. எனவே 1793ஆம் ஆண்டில் தூக்கி, ஹுரு என்னும் இரு மாவோரி இளைஞர் கப்பலிலே கவர்ந்து கொண்டுவரப்பட்டனர். அவர்களோ உயர்குடி ஆடவர். நார் எடுத்தல் பெண்டிரின் தொழிலாதலின் அவர்கள் அறிந்திருந்தது மிகச் சிறிது. தேசாதிபதி கிங் அவர்களை அன்புடன் நடத்தி, அவ்வாண்டின் இறுதிக்குள் தாமே ஊருக்குக் கொண்டுசென்று விட்டார். தூக்கி வரைந்துகொடுத்த நியூசிலாந்துப் படம் இன்றும் வரலாற்றாசிரியராற் போற்றப்படுகின்றது. ஆளைக் கவர்ந்தும் தொழிலைக் கவர முடியவில்லை.

அதன்பின் வந்தது வாணிகம். அதில் நகைப்புக்கு இடமில்லை. 1820களிலும் 1830ஐ ஒட்டிய ஆண்டுகளிலும் சிட்னி வணிகர் முக்காவை வாங்கித் துப்பாக்கி கொடுத்தனர். அயற்குலத்தார் கையிலே துப்பாக்கி இருக்கத் தம்மிடம் இல்லாதவர் அழிவர் என்ற நிலை. ஆகவே குலங்கள் குன்றின்மேல் இருந்த தம் வாழிடங்களை நீங்கிச் சதுப்போரங்களிலே தங்கி இரவும் பகலும் நார் சுரண்டின. உணவுப் பயிர் கைவிடப்பட்டது. ஈரத்தில் வாழ்ந்தோரை நோய் வாட்டியது. ஒரு துப்பாக்கிக்கு வேண்டிய நாரைக் கையாற் சுரண்ட எத்துணை உழைப்பு வேண்டும் என்பதைச் சிப்பி பிடித்துப் பார்த்தவரே அறிவர்.

1860களில் இலையைச் சுரண்டும் பொறி தோன்றியது. 1870ஆம் ஆண்டளவில் ஆலைகள் நூற்றைம்பதுக்கு மேற்பட்டன. பொறியின் நார் கைந்நாரின் மென்மையை ஒருபோதும் எய்தவில்லை. கயிறும் கட்டுநூலுமே அதனால் ஆயின. வடதீவின் மனவத்துப் பகுதியும் அங்குள்ள பொக்ஸ்ரன் நகரும் இத்தொழிலின் நடுவிடமாக விளங்கின. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலே அங்குள்ள செடிகள் மஞ்சளித்து அழுகத் தொடங்கின. மஞ்சளிலை நோய் எனப்பட்ட இதற்கு வைரசே காரணம் என நெடுங்காலம் கருதப்பட்டது. பின்னரே, கலச்சுவரற்ற நுண்ணுயிர்வகையாகிய பைற்றோபிளாசுமா ஒன்றே அதனை விளைப்பது எனத் தெளிந்தனர். ஹரக்கெக்கேயின் சாற்றை உறிஞ்சும் சிறு தத்துப்பூச்சி ஒன்று அதனைச் செடிக்குச் செடி பரப்புகின்றது. நோயும், மணிலாச் சணல், சிசால் ஆகியவற்றின் போட்டியும், பின்னர் செயற்கை நாரும் ஆலைகளை ஒவ்வொன்றாக மூடச்செய்தன. இதற்கிடையே சதுப்புகள் வடிக்கப்பட்டுப் பசும்புல் வெளிகளாயின. ஐரோப்பியர் குடியேறிய காலந்தொட்டு அந்நாட்டின் ஈரநிலத்திற் பத்தில் ஒன்பது பங்கு அழிந்தொழிந்தது. ஆகவே இன்று ஹரக்கெக்கேயை நடுதல் தோட்ட அலங்காரம் மட்டுமன்று.

இனி நடும் முறையை நோக்குவோம். விதையாலும் பிரிகன்றாலும் இதனைப் பெருக்கலாம். காய் வெடிக்குந் தறுவாயிற் கறுத்து மினுங்கும் தட்டையான விதைகளைச் சேர்த்துச் சிலகாலம் குளிரில் வைத்து, வசந்தத்தில் விதைத்தால் நன்கு முளைக்கும். ஆயின் விதைக்கன்று தாயைப் போன்றிருக்கும் என்பதற்கு உறுதியில்லை. வேலியாகவோ ஆற்றங்கரைக் காப்பாகவோ நடுவதற்கு அது போதும். பல்வகைமை அங்கே நன்மையே. நெசவுக்குரிய சிறந்த வகையை அதன் குணங் கெடாது பெறவேண்டின் பிரிகன்று ஒன்றே வழி. நல்ல வேருடன் ஓரிரு விசிறிகளைக் கூரிய மண்வெட்டியாற் பிரித்து, பழைய கிழங்கையும் அழுகிய இலையடியையும் நீக்கி, இலைகளைக் குறுகத் தறித்து நடவேண்டும். இலை நீளமாயிருந்தால் வேர் பிடிக்குமுன்னே நீர் ஆவியாகிச் செடி வாடும். காற்றும் அதனைப் பிடுங்கும். புதர் உருவாகும்வரை சில ஆண்டுகள் கத்தி படலாகாது, புல்லும் நெருங்கலாகாது. கன்றுகள் அழிவதற்குப் புற்போட்டியே பெருங்காரணம்.

ஹரக்கெக்கே சதுப்பில் வளர்வது என்றதும், தேங்கிய நீரே அதற்கு விருப்பம் எனப் பலர் எண்ணுவர். உண்மையில் ஓடும் நீருள்ள ஈரமண்ணிலேயே அது மிகச் செழிக்கின்றது. மூச்சடைத்த குட்டையில் உயிர்தாங்கி நிற்குமேயன்றிச் செழிக்காது. வேரூன்றிய பின் வறட்சி, உப்புக்காற்று, உறைபனி ஆகியவற்றை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். நெசவுக்கு நடுவோர் செடிக்குச் செடி ஏறக்குறைய 2 மீற்றர் இடைவெளி விடுவர்; சுற்றிவந்து ஒவ்வொரு விசிறியையும் பார்த்து வெட்ட வழி வேண்டுமன்றோ! காய்ந்த இலையையும் கழித்த துண்டையும் செடியின் அடியிலேயே இடுவது மாவோரியர் வழக்கம்.

பூச்சிகளுள் இரண்டு தத்தம் கையொப்பத்தை இலையில் இட்டுச் செல்வன. ஒருவகை அந்துப்பூச்சியின் புழு இலை விளிம்பை அரைவட்டமாகக் கடித்து எடுக்கும். மற்றொன்றின் புழு இலையின் அடிப்பக்கத்தைச் சுரண்டித் தின்று மேற்றோலைக் கண்ணாடிபோல் விட்டுவைக்கும்; ஆங்கிலத்தில் அதனைச் சாளரஞ் செய்வோன் என்பர். இவற்றாற் செடி சாவதில்லை. நெசவுக்குரிய இலையே கெடும். இலையடியில் வெண்மாவாய் ஒளிந்திருக்கும் மாப்பூச்சியே தோட்டத்தார்க்குப் பெருந்தொல்லை. நெருக்கத்தைக் குறைத்துக் காற்றோட்டம் உண்டாக்குவதே இவற்றுக்கெல்லாம் சிறந்த மருந்து.

தோட்ட அமைப்பிலே இச்செடியின் அழகு அதன் வடிவிலுள்ளது. நேர்நின்ற வாள்களின் கூட்டம் பின்னணியாக அமைந்தால் முன்னுள்ள சிறு செடிகள் யாவும் எடுப்புறும். காற்றுத் தடுப்புக்கு இதனினுஞ் சிறந்த வேலி அந்நாட்டில் அரிது. நீரோடைக் கரையிலே நட்டால் மேய்ச்சல் நிலத்து மண்ணும் எருவும் ஓடையில் இறங்காது வடிகட்டப்படும். அதன் நிழலிலே காட்டுமரக் கன்றுகளும் தலைதூக்கும். ஆயின் நடைபாதை ஓரத்திலும் குழாய்களின் மேலும் நடுவது பேதைமை. கையளவு கன்று சில ஆண்டுகளில் இருவர் கைகோத்தும் அணைக்கவியலாத புதராகிவிடும். அவ்வாறு ஆனபின், அதனை வாளால் மட்டமாகத் தறித்து முடிவெட்டியது போல் விடுவோர் பலர். அதனாற் செடியின் வடிவும் கெடும், வளர்நுனியும் கெடும். இடம் சிறிதாயின் ஃபரரிக்கியை நடுக. சாடியிலும் அது வாழும்.

செம்பழுப்பு, ஊதா, மஞ்சட்கோடு, இளஞ்சிவப்புக்கோடு என நிறம் பூண்ட வகைகள் பல விற்பனைக்கு வருகின்றன. யெல்லோ வேவ், கிறீம் டிலைற் என்பன அவற்றுட் பெயர்பெற்றவை. கோடிட்ட இலையிற் பச்சையம் குறைவாதலின் அவை பொதுவாக மெலிந்தவை. இடையிடையே முற்றும் பச்சையான விசிறி தோன்றின் அதனை அடியோடு நீக்காவிடின் நாளடைவில் அதுவே புதரை ஆண்டுகொள்ளும். நகரத் தோட்டத்தில் இவை இருக்கட்டும். ஆனால் இயற்கையான சதுப்பின் அருகே இவற்றை நடுதல் தகாது என்பதே எம் கருத்து. கலப்பு விதை அங்கே பரவின் அவ்விடத்துக்கே உரிய செடி தன் குணத்தை இழக்கும். அந்நாட்டிற் காடு மீட்போர் அவ்வவ் வட்டாரத்து விதையையே சேர்த்து நடுவதன் காரணம் இதுவே.

உரமான செடி எங்கும் நன்மையே செய்யும் எனக் கொள்ளலாகாது என்பதற்குத் தென் அத்திலாந்திக்கிலுள்ள செயின்ற் ஹெலினாத் தீவு சான்று. அங்கே ஹரக்கெக்கேயைக் கொண்டுசென்று நட்டு, 1907 முதல் 1966 வரை நார்த்தொழில் நடத்தினர். பிரித்தானிய அஞ்சற் சேவை தன் கட்டுநூலைச் செயற்கை நாருக்கு மாற்றியபோது ஆலைகள் மூடப்பட்டன. தொழில் நீங்கியது; செடி நீங்கவில்லை. உலகில் வேறெங்குமில்லாத மரங்கள் வாழ்ந்த அத்தீவின் முகில் சூழ் முகடுகளை அது மூடிக்கொண்டது. இன்று அங்குள்ளோர் அதனை வெட்டி அகற்றித் தம் நாட்டு மரங்களை நட்டுவருகின்றனர். நம் நாட்டார் நார்ச்செடி வேண்டின் இதனைத் தேடிச் செல்லவேண்டுவதில்லை. இலங்கையின் பெயரையே தன் விலங்கியற் பெயரன்ன தாவரவியற் பெயரிலே தாங்கிய மருள் இங்கேயே உளது. சிங்கள மக்கள் அதனை நியந்த என்பர்.

ஹரக்கெக்கேயின் நெசவு வகைகள் அழிந்துவிடும் நிலையை அடைந்தபோது அவற்றைத் தேடிச் சேர்த்தவர் கிஸ்போணில் வாழ்ந்த றேனே ஓர்ச்சிஸ்ரன் அம்மையார். முதிய நெசவாளர் பேணிய புதர்கள், அவர்தம் மறைவுக்குப்பின் எவரும் பெயரறியாது கிடப்பதை அவர் கண்டார். 1950களிலிருந்து ஊரூராகச் சென்று, இன்ன செடி போர்வைக்கு, இன்னது கூடைக்கு, இன்னது பாய்க்கு எனக் கேட்டறிந்து, ஒவ்வொன்றிலும் பிரிகன்று பெற்றுத் தம் வளவிலே நட்டார். ஐம்பதுக்கு மேற்பட்ட வகைகள் அவ்வாறு சேர்ந்தன. போர்வைக்குரிய மெல்லிய முக்காவைத் தரும் கொஹுங்கா அவற்றுள் ஒன்று. 1987இல் அவர் இத்தொகுதியை நாட்டுக்கு அளித்தார். லிங்கன் நகரில் அது தேசியத் தொகுதியாகப் பேணப்படுகின்றது. அங்கிருந்து பிரித்த கன்றுகள் மாவோரி ஊர்களுக்கு மீண்டும் சென்று நடப்பட்டுள்ளன. விதையால் நடாது விசிறியாகவே பிரித்து நடுவதனால், அந்தப் பழைய நெசவாட்டியர் வெட்டிய அதே செடியையே அவர்தம் பேத்திமார் இன்று வெட்டுகின்றனர்.